லாபம், இரண்டு, மூன்று

அன்புள்ள மகனுக்கு,

கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் எழுத்து கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. சில எழுத்துகள் மேலே ஏறிவிடுகின்றன, சில கீழே சறுக்கிப் போகின்றன. 'ழ' வருகிற இடமெல்லாம் பேனை நின்று மூச்சு வாங்குகிறது. பொறுத்துக்கொள், தம்பி. பிழைகளை மருமகள் கலா திருத்தித் தந்தாள், நான் திரும்பவும் முதலிலிருந்து எழுதினேன். "மாமா, நான் எழுதித் தாறனே, நீங்கள் சொல்லுங்கோவன்" என்று அவள் கேட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு வரி முடிந்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நான் சொல்ல நினைத்தது அங்கேயே இருக்கிறது. சிரிப்பு வருகிறது.

தொலைபேசியில் பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். போன கிழமை பேசியபோது, "அப்பா, இதைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம்" என்று சொன்னாய். கதைக்க வேண்டாம் என்றுதான் சொன்னாய். எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. நான் எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். எழுதி முடிந்ததும் கலா தாள்களைப் படம் எடுத்துத் தொலைபேசியில் உனக்கு அனுப்புவாள்.

உன் மகள் மதுராவைப் பற்றித்தான். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் பார்த்துச் சொல்லும் கல்வி அலுவலர் அம்மா வருகிற வியாழக்கிழமை இன்னொரு முறை வரச் சம்மதித்திருக்கிறா. நீ வேண்டாம் என்று சொன்னபடியால், நீயே ஓம் என்று சொல்லாமல் பிள்ளையைத் திரும்பப் பார்க்க மாட்டார்கள். நீ ஓம் சொன்னால் அவள் தை மாதத்தில் மற்றப் பிள்ளைகளோடு முதலாம் வகுப்பில் இருக்கக்கூடும். இல்லையென்றால் வீட்டில் இருப்பாள். இந்தக் கடிதத்தை மற்றத் தாய் தகப்பன்மாருக்கும் வாசித்துக் காட்டலாமா என்று மதுராவுக்குப் படிப்பிக்கிற ரஞ்சினி ரீச்சர் கேட்டா. அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சேர்த்து எழுதுகிறேன். சலித்துக்கொள்ளாதே.

நீ கட்டாருக்குப் போன பிறகு கலா மருந்துக்கடை வேலைக்குப் போகத் தொடங்கினாள். அதனால் மதுராவை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. அவளைப் போல டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளும், வேறு விதமாகப் பேசவோ நடக்கவோ சிரமப்படும் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். அந்த வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளையோடு வீட்டிலிருந்து ஒருவர் பாயில் கூடவே இருக்க வேண்டும். விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போக ஏலாது. ரீச்சர் செய்வதைப் பார்த்து, வீட்டிலும் அதே மாதிரி செய்ய வேண்டும். முதல் நாள் என் கையில் ஒரு அட்டையைத் தந்து, பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொன்னா.

"கண்ணாடி கொண்டு வரேல்லை, ரீச்சர்" என்றேன்.

மறுநாளும் கண்ணாடி கொண்டு போகவில்லை. அதற்கு அடுத்த நாள் ரீச்சர் பக்கத்தில் வந்து இருந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னா: "ஐயா, கண்ணாடியைத் தேட வேண்டாம். மதுரா படிக்கிற மாதிரியே நாங்களும் படிப்பம். ஒருத்தருக்கும் தெரியாது." வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் உன் அம்மா வாசித்துச் சொல்லுவா. அவ போன பிறகு நீ, பிறகு கலா. கேட்டால் வாசித்துச் சொல்ல எப்போதும் ஓர் ஆள் இருந்தது. அதனால் எனக்குப் படிப்பிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரீச்சர் எழுத்துகளில் தொடங்கவில்லை. ஆனா, ஆவன்னா எல்லாம் பிறகுதான். எங்கள் வீட்டுப் படங்களைக் கொண்டு வரச் சொல்லி, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெரிதாக அவர் யார் என்று எழுதினா. அம்மா, அப்பா, அப்பப்பா, மதுரா. பிறகு அதே சொற்களை வெறும் அட்டைகளில் எழுதினா. பிள்ளை செய்ய வேண்டியது முதலில் சோடி சேர்ப்பது மட்டும்தான். இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒன்று என்று கண்டு, அட்டையைப் படத்தின் கீழே வைக்க வேண்டும். அது சரியாக வந்த பிறகு, "அம்மா எங்கே, எடுத்துத் தாங்கோ" என்று கேட்பா. சொல்லச் சொல்லிக் கேட்பது கடைசியில்தான். "வாய் பிந்தித்தான் வரும் ஐயா. கண் முதலே வந்திடும். வாய் வரேல்லை எண்டு கண்ணைக் காத்திருக்க வைக்கக் கூடாது" என்று சொன்னா. பேச்சு வந்த பிறகுதான் படிப்பு என்று நானும் நீயும் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது எவ்வளவு பிழை என்று அந்தப் பாயில் இருந்துதான் எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளைகள் சிலருக்கு அச்சடித்த சொல்லைப் பார்த்துத்தான் பேச்சே வருகிறது.

ஒரு நாள் மதுரா 'அப்பப்பா' அட்டையை எடுத்து உன் படத்தின் கீழே வைத்தாள். நான் கை தட்டினேன். ரீச்சர் கை தட்டவில்லை. சிரித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தா. நாங்கள் இருவரும் அட்டையைப் பார்த்தோம். மதுரா விரலை வைத்து மெதுவாகக் கோடு இழுத்தாள். படத்தின் கீழே இருந்த சொல் முடிந்துவிட்டது, அட்டையில் இருந்த சொல் இன்னும் முடியவில்லை. உடனே அட்டையை இழுத்தெடுத்து என் மடியில் வைத்தாள். அப்போதுதான் நானும் கண்டேன். உன் சொல்லின் நடுவில் இன்னும் ஒரு 'ப்ப' போட்டால் நான் வந்துவிடுகிறேன். பேத்தியும் அப்பப்பாவும் ஒரே நேரத்தில் ஒரே பிழை விட்டு, அதைப் பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓட்டோவில் "அப்பா, அப்பப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டோக்காரப் பொடியன் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

நான் படித்த இன்னொரு பாடம் வாயை மூடுவது. மதுராவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அவள் பேசாமல் இருந்தால் நான் உடனே திரும்பக் கேட்பேன். பிறகு நானே பதிலையும் சொல்லிவிடுவேன். "கேட்டுப்போட்டுச் சும்மா இருங்கோ ஐயா. நீங்கள் திரும்பக் கேக்க, பிள்ளை தேடினதை விட்டுட்டு முதலிலிருந்து தேடும்" என்று ரீச்சர் கண்டித்தா. அடுத்த முறை கேட்டுவிட்டு என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். மதுராவும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வகுப்பே சிரித்தது. நல்ல நேரம் கழித்து அவளுடைய மற்றக் கை மெல்லப் போய்ச் சரியான அட்டையை எடுத்தது. அவள் பேசாமல் இருக்கும்போது சும்மா இருக்கவில்லை, தம்பி. உள்ளே போய்த் தேடிக்கொண்டிருக்கிறாள். வெளியே நிற்கிற எங்களுக்குத்தான் பொறுமை இல்லை.

பிறகு எழுத்துகள் வந்தன. அவளுக்கு மணல் தட்டில், எனக்குப் பென்சிலில். ஒரு நாள் வகுப்பு முடிந்து பஸ் நிலையத்தில் நின்றபோது ஒரு பஸ்ஸின் நெற்றியில் இருந்த சொல்லை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். இற... க்க... க்கண்... டி. இறக்கக்கண்டி! எத்தனையோ தரம் போய் வந்த ஊர். அந்த ஊர்ப் பெயருக்குள் இவ்வளவு சாமான் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. நடத்துனர் கத்தினார்.

"ஐயா, ஏறிறியளோ, இல்லையோ?"

"இல்லைத் தம்பி. வாசிக்கிறன்."

"வாசிச்சு முடிஞ்சா தள்ளி நில்லுங்கோ. பஸ்ஸை எடுக்கோணும்."

மதுரா அந்த பஸ் மறையும் வரை கை காட்டிக்கொண்டு நின்றாள்.

இனி எண் கதைக்கு வருகிறேன். அங்கேதான் என் பிழை இருக்கிறது. ரீச்சர் எண்களை நீளமாகப் பாட விடுவதில்லை. மூன்று என்று சொல்லத் தெரிந்தால் போதாது, மூன்று தா என்றால் மூன்று எடுத்துத் தர வேண்டும் என்பா. ஒரு பொருளை ஒரு தரம் தொட வேண்டும், தொடும்போது ஓர் எண் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குப் பெரிய உற்சாகம். உனக்குத் தெரியும், துறையில் மீன் எண்ணிப் பெட்டியில் போட்டவன் நான். எழுத்துத்தான் தெரியாதே தவிர எண் எனக்குப் புதிதில்லை. வீட்டில் உடுப்புக் கிளிப், கோப்பை, கலா வெட்டுவதற்கு முன் சூடை மீன் என்று கண்டதையெல்லாம் வைத்து நானும் மதுராவும் எண்ணினோம். "லாபம், ரெண்டு, மூண்டு." துறையில் முதல் மீனை ஒன்று என்று யாரும் எண்ணுவதில்லை. அந்த நாள் நல்லபடி போக வேண்டும் என்று, முதல் மீனைப் போடும்போது லாபம் என்றுதான் சொல்லுவோம். அது எனக்குப் பழகிப் பழகி, கிளிப்பை எண்ணினாலும் அப்படித்தான் வாயில் வருகிறது. அதில் ஒரு பிழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் ரீச்சர் "ஒண்டு" என்று தொடங்க, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். மதுரா "ரெண்டு" என்கிற இடத்தில்தான் சேருவாள். அவளுக்குத் தொடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்று ரீச்சர் நினைத்துக்கொண்டா.

அலுவலர் அம்மா வந்த அன்று பிள்ளையைத் தனியாகத்தான் பார்த்தா. நாங்கள் முற்றத்தின் அந்தப் பக்கத்தில் கதிரைகளில் இருந்தோம். அவ நல்ல மனுசி, கோபக்காரி இல்லை. உள்ளே நடந்ததைப் பிறகு ரீச்சரிடம் சொல்லியிருக்கிறா. மேசையில் சில கட்டைகளை வைத்து "ஒண்டு தாங்கோ" என்று கேட்டிருக்கிறா. மதுரா அவவுடைய முகத்தைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். "சரி, எண்ணுங்கோ பாப்பம்" என்றதும் முதல் கட்டையைத் தொட்டு ஏதோ சம்பந்தமில்லாத சொல் ஒன்றைச் சொன்னாளாம். "இல்லை செல்லம், ஒண்டு" என்று அவ திருத்த, மதுரா கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கட்டையையும் தொடவில்லை. ஒன்றே தெரியாத பிள்ளையிடம் மேலே எதைக் கேட்பது? எண் இன்னும் தொடங்கவில்லை, ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனா.

அன்றைக்குத்தான் நீ தொலைபேசியில் எடுத்தாய். "போதும் அப்பா. பிள்ளையைப் போட்டு வதைக்காதேங்கோ. அட்டை, எண் ஒண்டும் வேண்டாம். அவள் வீட்டில சந்தோசமா இருக்கட்டும்" என்றாய். கலா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ சொன்னது சரி என்றுதான் எனக்கும் அப்போது பட்டது. அட்டைகளையும் படங்களையும் ஒரு பையில் போட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். மறுநாள் காலையில் தேத்தண்ணியோடு வந்து பார்க்கிறேன், மதுரா அலுமாரியைத் திறந்து பையை இழுத்து வெளியே எடுத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து தனியாகச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். உன் படத்தின் கீழே உன் சொல் சரியாக இருந்தது. என்னைக் கண்டதும் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நீ கேள், நான் தேடுகிறேன் என்று சொல்லுகிறாள். தம்பி, அவள் வதைபடவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மீன் சந்தைக்குப் போனேன். மூதூர் இஸ்மாயில் காக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறார், அதே பகிடிதான். நண்டு கேட்டேன். முதல் நண்டைத் தூக்கிப் பையில் போட்டு, முஸ்லிம் வியாபாரிகளின் வழக்கப்படி ஒன்றுக்குப் பதில் "பறக்கத்து" என்று எண்ணத் தொடங்கினார். மதுரா அவருடைய கையை எட்டிப் பிடித்தாள்.

"லாபம்!" என்றாள். நல்ல சத்தமாக.

"என்ன புள்ள செல்லுது?"

"லாபம்!" என்று திரும்பச் சொல்லி, ஒரு விரலை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரே ஒரு விரல்.

காக்கா சிரித்த சிரிப்பில் பையிலிருந்த நண்டு வெளியே வரப் பார்த்தது. "பாத்தியா, நாப்பது வருசமா நான் எண்ணுறது பிழை எண்டு எனக்குச் செல்லித் தர உன்ட பேத்தி வந்திருக்கா! சரி புள்ள, லாபம். அடுத்தது என்ன?"

"ரெண்டு" என்றாள். இரண்டு விரல். அவர் அடுத்த நண்டைப் போட்டார்.

நான் அந்த ஈரத்தில் அசையாமல் நின்றேன். அலுவலர் அம்மாவுக்கு விளங்காத அந்தச் சொல் எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளை 'ஒன்று' என்ற எண்ணை அறிந்திருக்கிறாள், நான் தந்த பெயரால் அறிந்திருக்கிறாள். அதுமட்டுமா? காக்கா சொன்ன வேறொரு சொல்லும் அதே முதலாவது இடத்துக்குத்தான் வருகிறது என்று கண்டுபிடித்து, அவரைத் திருத்தவும் செய்திருக்கிறாள். நண்டுக்குக் காசு கொடுத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. கொடுக்காவிட்டால் காக்கா விட்டிருக்க மாட்டார்.

மறுநாள் போய் ரீச்சரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தா. "ஐயா! அப்ப குற்றவாளி எனக்குப் பக்கத்திலதான் பாயில இருந்திருக்கிறார்!" என்றா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்னிலும் பிழைதான். அவள் ஏன் எப்பவும் ரெண்டில சேருறாள் எண்டு நான் கேட்டிருக்க வேணும்" என்றா. அன்றே அலுவலர் அம்மாவோடு பேசினா. அவவும் தட்டிக் கழிக்கவில்லை. திரும்ப வருகிறேன், தகப்பன் சம்மதிக்கட்டும் என்று சொன்னா. இப்போது வீட்டில் 'ஒன்று' பழகுகிறோம். மதுராவைவிட எனக்குத்தான் கஷ்டம். நான் மறந்துபோய் லாபம் என்று தொடங்கினால் அவள் விரலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நான் திருத்திச் சொன்ன பிறகுதான் விரலை மடக்குகிறாள்.

உனக்கு நான் ஆசை காட்டவில்லை. வியாழக்கிழமை அவள் திரும்பவும் கையை மடிக்குள் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் மற்றப் பிள்ளைகள் பத்துச் செய்கிற நேரத்தில் அவள் ஒன்றுதான் செய்வாள். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், உன்னை எனக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

உன்னை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. தகப்பன்மார் எல்லாரும் வரிசையாக நின்று கையெழுத்து வைத்தார்கள். என் முறை வந்ததும் பதிவு எழுதிய மனிதர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பெருவிரலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பின்னால் நின்ற பெரிய பொடியன்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று, நீ சட்டென்று என் விரலைப் பிடித்து இழுத்து உன் புது வெள்ளைச் சட்டையின் உள்பக்கத்தில் துடைத்தாய். வீட்டில் உன் அம்மா கேட்டபோதும் மை கொட்டிவிட்டது என்று சொன்னாய். அந்த வயதிலேயே என் மானத்தை உன் சட்டைக்குள் ஒளித்து வைத்த பிள்ளை நீ. அதை நினைத்து நான் எத்தனையோ தரம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் பென்சிலைப் பிடித்த பிறகு இன்னொன்றும் தோன்றுகிறது. உன் அம்மா வாசித்துத் தந்து என்னைக் காப்பாற்றினா. நீ விரலைத் துடைத்துக் காப்பாற்றினாய். எல்லாரும் என்னில் அன்பு வைத்துத்தான் செய்தீர்கள். அந்த அன்புக்குள்ளே நான் எழுத்தில்லாமல் சௌகரியமாகக் கிழவனாகிவிட்டேன். வீட்டில் சந்தோசமாக இருக்கட்டும் என்று இப்போது மதுராவுக்கும் நீ அதையேதான் சொல்லுகிறாய். நானும் சந்தோசமாகத்தான் இருந்தேன், தம்பி. ஆனால் பஸ் நிலையத்தில் அன்று வந்த சந்தோசம் வேறு. அது எனக்கு இந்த வயதில் வந்தது. அவளுக்கு ஆறு வயதில் வரக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு சொல் கேட்கிறேன். ஓம் என்று கலாவுக்கு அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அந்தச் சொல்லை அவள் வாசித்துச் சொல்லத் தேவையில்லை, நானே வாசிப்பேன். சம்மதத் தாளில் கலா கையெழுத்து வைக்கிற இடத்துக்குக் கீழே, பிள்ளையோடு கூட வருபவர் என்று ஒரு கோடு இருக்கிறது. போன முறைத் தாளில் அந்த இடத்தில் என் பெருவிரல் அடையாளம் கிடக்கிறது. இந்த முறை வைக்கப் போகிற என் பெயரை, பழைய பத்திரிகைகளின் ஓரத்தில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். கடைசி எழுத்து மட்டும் இன்னும் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. வியாழக்கிழமைக்குள் அதை ஏற்றிவிடுவேன்.

அவள் ஒன்றைத் தந்தாலும் தராவிட்டாலும், வெள்ளிக்கிழமை காலையில் தாளை எடுத்துக்கொண்டு குந்துவேன். என் வேகத்துக்கு அடுத்த கிழமை முடிவதற்குள் ஒரு பக்கமாவது உனக்கு வந்து சேரும். அதன் முதல் வரியில் இடம் விட்டு வைப்பேன். 'அப்பா' என்கிற சொல்லை மதுரா இப்போது மணலில் எழுதுகிறாள். தாளிலும் அவள் எழுதட்டும். அதற்குப் பிறகு நான் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
நடுவில் இன்னும் ஒரு 'ப்ப' உள்ள
உன் அப்பா